மலிவு லேசர் ட்ரைவர்: வன்னியில் கிடைக்கும் பாகங்களை வைத்து

லேசர் டயோட்டுக்கு அளவான கறண்டை மட்டும் கொடுக்கிற சுற்றுத்தான் ட்ரைவர். ஒவ்வொரு ஊர்ப் பெயரின் கீழும் அந்த ஊர்க்காரர் சொன்னது.

கிளிநொச்சி:
பழைய டிவிடி றைற்றரில் கழற்றின சிவப்பு டயோட்டுக்கு எல்எம்317 என்கிற மூன்று கால் சீராக்கி ஒன்று காணும். ரேடியோ திருத்துற கடைகளில் கேட்டுப் பாருங்கோ, பெரும்பாலும் இருக்கும். அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் றெசிஸ்டர், அட்ஜஸ்ட் காலிலிருந்து லேசரின் நேர்முனை, அவ்வளவுதான் சுற்று. 1.25ஐ ஓமால் பிரித்தால் வருவது அம்பியர். 12 ஓம், அரை வற் றெசிஸ்டர் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் 6 ஓம், அதாவது 208 மில்லி அம்பியர். 16 மடங்கு வேக றைற்றரின் டயோட்டுக்கு அதோடு நிற்பாட்டலாம். கூடக் கொடுத்தால் கொஞ்சம் பிரகாசம் ஏறும், ஆயுள் அதைவிட வேகமாக இறங்கும்.

எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்க, இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். 5 வோல்ற் சீராக்கியான 7805இன் கால் வரிசை வேறு, கை பழகின வேகத்தில் மாற்றிப் பூட்டாதீங்கோ. முதுகுத் தகடும் அவுட்புட்தான், பூமி இல்லை. லேசர் கூட்டோடு ஒரே ஹீற் சிங்கில் (சூடு இறக்குற தகடு) முடுக்குவதென்றால் இடையில் மின் கடத்தாத மைக்கா வையுங்கோ.

டயோட்டுக்கு 2.5 வோல்ற், றெசிஸ்டரில் 1.25, 317க்கு ஏறக்குறைய 2. ஆகவே 6 வோல்ற்றுக்குக் குறைந்தால் சரிவராது, போன் சார்ஜரின் 5 வோல்ற் காணாது. பழைய லப்ரொப் பற்றறியில் எடுத்த 18650 செல் இரண்டைத் தொடராகப் போட்டால் அளவாக வரும். வீட்டுச் சோலர் பற்றறியில் எடுத்தால் சார்ஜ் ஏறும் நேரம் 14.4 வோல்ற் வரை போகும். அப்போது 317 மட்டும் 2.2 வற் சூட்டை விழுங்கவேணும். ஹீற் சிங் இல்லாமல் விட்டால் தன்னைக் காப்பாற்ற அது கறண்டைக் குறைத்துவிடும், நீங்கள் லேசர் பழுது என்று நினைப்பீர்கள்.

புதுக்குடியிருப்பு:
அண்ணை சொன்ன சுற்றுச் சரி. ஆனால் லேசரை வைத்து ட்ரைவரைச் சோதிக்கிறது மடைவேலை. முதலில் லேசருக்குப் பதிலாகப் பூட்டுற பொய்ச் சுமை ஒன்று செய்யுங்கோ. எரிந்துபோன சிஎஃப்எல் குமிழின் அடிக்கூட்டைத் திறந்தால் பெரும்பாலும் 1என்4007 டயோட் நாலு இருக்கும். உள்ளே இருக்கிற 400 வோல்ற் கப்பாசிற்றரை முதலில் ஒரு றெசிஸ்டரால் இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேணும். மூன்றைத் தொடராகப் பூட்டினால் சிவப்பு லேசருக்குக் கிட்டின வோல்ற் வரும். அதோடு 1 ஓம், 1 வற் றெசிஸ்டர். அதன் இரண்டு முனையிலும் மல்ரிமீற்றரை வைத்தால் மில்லி வோல்ற்றில் காட்டும் எண்ணே மில்லி அம்பியர். 208க்குப் பதில் 300 காட்டினால் ஒன்றில் றெசிஸ்டர் பிழை, அல்லது 317 போலி. லேசர் தப்பிச்சுது.

றைற்றரில் தட்டை வாசிக்கிற பகுதியான பிக்அப்பில் இரண்டு டயோட் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது சீடிக்கான 780 நானோமீற்றர். வெளிச்சம் இல்லை என்று அதை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கவே கூடாது. கழற்ற முன்னம் கால்களை மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றிவிடுங்கோ. காய்ந்த காற்று வீசுற ஆடி ஆவணியில் கையில் ஏறுற நிலைமின் ஒன்றே போதும், டயோட் வெறும் சிவப்பு எல்ஈடி ஆகிவிடும்.

வவுனியா:
450 நானோமீற்றர் நீல லேசருக்கு 317ஐ மறந்துவிடுங்கோ. 1 அம்பியரில் 12 வோல்ற் பற்றறியில் ஓட்டினால் 6 வற்றுக்கு மேல் வீண் சூடு. வோல்ற்றை இறக்கிக் கொடுக்கிற எக்ஸ்எல்4015 பலகை வாங்குங்கோ, வோல்ற்றுக்கு ஒன்று, கறண்டுக்கு ஒன்று எனத் திருகு ஆணி உள்ளது. ஒரு திருகு மட்டும் உள்ளது கறண்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே இல்லாவிட்டால் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். "லேசர் ட்ரைவர்" என்று பெயர் ஒட்டி விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சுமை இல்லாமல் 5.5 வோல்ற்றுக்கு வையுங்கோ. பிறகு பொய்ச் சுமையில் கறண்டைத் திருகுங்கோ. 1 அம்பியர் என்றால் 4007இன் கடைசி எல்லை, அதைவிடப் பெரிய 1என்5408 டயோட் ஐந்தும் 5 வற் சீமெந்து றெசிஸ்டரும் வேணும். வோல்ற்றை 12இல் விட்டுவிட்டுக் கறண்ட் திருகை நம்பினால் டயோட் போகும். வெளியேறும் பக்கக் கப்பாசிற்றர் முழு வோல்ற்றுக்கு ஏறி நிற்கும், லேசர் தொட்ட உடனே அத்தனையும் அதற்குள் கொட்டும். கட்டுப்பாட்டுச் சுற்று விழிக்க முன்னமே காரியம் முடிந்துவிடும். அதனால் கப்பாசிற்றரை இறக்கி, லேசரைச் சோல்டர் பண்ணி, அதன் பிறகே மின் கொடுக்கவேணும்.

இன்னொன்று. இந்தப் பலகைகள் பலவற்றில் கறண்டை அளக்கிற றெசிஸ்டர் எதிர்முனை வழியில் இருக்கு. உள்வரும் எதிர்முனையும் வெளியேறும் எதிர்முனையும் ஒன்றில்லை. லேசர் கூடு பற்றறியின் எதிர்முனையோடு எங்காவது முட்டினால் அளவீடு தப்பிவிடும், கறண்டுக்குக் கடிவாளம் இராது.

முழங்காவில்:
பனம் பலகையில் பெயர் சுடுறவைக்கு நீலம் சரி. வயலுக்குள் மாடோ யானையோ வந்தால் மணி அடிக்கிற கதிர்வேலிக்கு 5 மில்லி வற் சிவப்பே காணும். டயோட் மட்டும் என்றால் 317உம் 47 ஓமும், 27 மில்லி அம்பியர் வரும். 5 வோல்ற் மொடியூல் என்றால் றெசிஸ்டர் உள்ளேயே இருக்கு, ட்ரைவரே வேண்டாம். கதிர் ஆளின் கண்மட்டத்துக்குக் கீழே போகட்டும். நடுப்பகல் சூட்டில் மங்கினால் கறண்டைக் கூட்டாதீங்கோ, இரவுக் குளிரில் அதே கறண்ட் கூடுதல் ஒளியைத் தந்து டயோட்டின் முகத்தையே சுட்டுவிடும்.

அதோடு 200 மில்லி வற் என்றாலே கண் சிமிட்ட முன்னம் விழித்திரை போய்விடும். நீலத்துக்குச் செம்மஞ்சள் கண்ணாடி, சிவப்புக்கு வேறு. ஒன்றை மற்றதுக்குப் போடக்கூடாது. கறுப்புக் கண்ணாடி எதற்கும் உதவாது.

புதுக்குடியிருப்பு:
பெயர் சுடுற ஆட்கள் லேசரை ஏற்றி அணைக்க ட்ரைவருக்கும் லேசருக்கும் நடுவில் ரிலே வைக்கிறார்கள். வவுனியா அண்ணை சொன்ன அதே கப்பாசிற்றர் சங்கதிதான், ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு அடி விழும். தளர்ந்த வயரும் அப்படியே. சுவிட்சை உள்வரும் பக்கத்தில் வையுங்கோ. வேகமாக ஏற்றி அணைக்க வேணுமென்றால் அதற்கென்று ரீரீஎல் முனை (ஏற்றி அணைக்கச் சைகை கொடுக்கிற முனை) உள்ள ட்ரைவர்தான் வேணும், அதில் மட்டும் மலிவு பார்க்காதீங்கோ.