மகளோடு மிதிவண்டிப் பயணம்: பிரான்சில் கார், லாரி வராத கிராமத்துப் பாதை எது?

கேள்வி: சேந்த் ஆந்த்ரே வாசகி, ரியூனியன் தீவு

வணக்கம். ஜூலை விடுமுறையில் நானும் கணவரும் பதினொரு வயது மகளும் பிரான்சுக்குப் போகிறோம். பதினொரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போய், பாரிசில் உறவினர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை. கிராமப்புறத்தில் ஒரு வாரமாவது மிதிவண்டியில் சுற்ற வேண்டும்.

மகள் நன்றாக ஓட்டுவாள். ஆனால் பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே இறங்கி நின்றுவிடுகிறாள். கரும்பு வெட்டு தொடங்கியதும் நம் சாலைகளில் கஷாலோக்கள் என்னும் பெரிய கரும்பு லாரிகள் எப்படி உரசிக்கொண்டு போகும் என்று ரியூனியனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

லுவார் நதிக்கரைதான் சிறந்தது என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையாகவே வண்டிகள் வராத பாதையா அது? மேடு பள்ளம் அதிகம் இருக்கக் கூடாது. நாங்கள் சைவம். மிதிவண்டிகளை இங்கிருந்தே கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பதில்: காரைக்கால் அக்கா, சேன் பியேர்

தங்கையே, லுவார் பாதை அழகானதுதான். ஆனால் உன் மகளுக்கு அதை முதல் பயணமாகச் சொல்ல மாட்டேன். நெவேர் நகரின் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர் நீளும் வழி அது. அதில் பல இடங்களில் நதிக்கரை மேட்டிலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலும் கார்கள் போகும் சிறு சாலையிலேயே ஓட்ட வேண்டும். கார்கள் குறைவு என்பது உண்மை. குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. பயந்த பிள்ளைக்கு அரை மணிக்கு ஒரு கார் வந்தாலும் போதும், அந்த அரை மணி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டும்.

நீ தேட வேண்டியது 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை. நீலப் பலகையில் நடப்பவர், மிதிவண்டி, குதிரை மூன்றும் வரைந்திருக்கும். அந்தப் பலகை உள்ள பாதையில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் 'வேலோரூத்' (மிதிவண்டி வழித்தடம்) என்று மட்டும் இருந்தால் நடுநடுவே பொதுச் சாலை வரும். பயணத்தை முடிவு செய்யும்முன் ஒவ்வொரு பகுதியும் இதில் எந்த வகை என்று பார்த்துவிடு.

என் தேர்வு கரோன் கால்வாய். போர்தோவுக்குத் தென்கிழக்கே தொடங்கி துலூஸ் வரை 193 கிலோமீட்டர். கரையோரப் பாதை ஏறக்குறைய முழுவதும் தார் போட்டது. படகுகள் ஏறி இறங்க 53 மதகுகள் உண்டு. மதகை ஒட்டி மட்டும் பாதை சற்றே எழும், மற்றபடி சமதளம். இரு கரையிலும் பிளாத்தான் மரங்களின் நிழல். எப்போதாவது கால்வாய்ப் பராமரிப்பு வண்டி மெதுவாக வரும், சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். இந்த இரண்டையும் மகளிடம் முன்பே சொல்லிவிடு.

போர்தோவிலிருந்து சோவ்தேர் வரை பழைய ரயில் தடத்தில் 57 கிலோமீட்டர் வுவா வெர்த் ஒன்று இருக்கிறது. 1937இல் தூர் த பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தை வென்ற ரோஜே லாப்பெபியின் பெயர் அதற்கு. வழியில் கிரெயோன் ஊர் அருமையானது. ஆனால் அது முடியும் இடத்திலிருந்து கால்வாயைத் தொட மேடும் காரும் உள்ள சாலையில் போக வேண்டும். அதனால் நீங்கள் போர்தோவிலிருந்து வட்டார ரயிலில் லா ரெயோல் போய் இறங்குங்கள். கரோன் ஆற்றைத் தாண்டினால் கால்வாய் பக்கத்தில்தான்.

ரயில்பாதையும் கால்வாயும் துலூஸ் வரை சேர்ந்தே போகின்றன என்பதுதான் இந்த வழியின் பெரிய பலம். மார்மாந்த், அஜேன், முவாசாக், மோந்தோபான் என்று நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்குக் கால் வலித்தால் அன்றே ரயில் ஏறிவிடலாம். வட்டார ரயிலில் மிதிவண்டி வைக்கும் இடம் குறைவு. வேலைக்குப் போகும் நேரத்தில் ஏற வேண்டாம்.

அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். லெ மாஸ் தழேனே என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. அவ்வளவு பெரிய ஓவியரின் கைவண்ணம் ஒரு கிராமத்துச் சுவரில் இருப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். அஜேனில் கால்வாயே பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கும்: 23 வளைவுகள், 539 மீட்டர். கீழே ஆறு, மேலே படகு, பக்கத்தில் மிதிவண்டியில் நீங்கள். முவாசாக் மடத்தின் தூண் முற்றத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

மிதிவண்டிகளை இங்கிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதே. போர்தோவில் எடுத்து துலூசில் திருப்பித் தரும்படி வாடகைக்குக் கிடைக்கும். ஜூலையில் கிராக்கி அதிகம், பிள்ளைக்கான அளவைச் சொல்லி இப்போதே பதிவு செய். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் அங்கும் கட்டாயம். அவளுக்குப் பொருந்தியதை இங்கிருந்தே எடுத்துப் போ.

பதில்: காத்ர் போர்ன் வாசகர், மொரீசியஸ்

அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஒரு வாரம் முழுவதும் கிடைக்காவிட்டால் பர்கண்டியைப் பாருங்கள். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர். பிரான்சின் முதல் வுவா வெர்த், 1997இல் திறந்தது. பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் தெரியாது. குளூனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் சுரங்கம் வரும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், ஜூலையில் திறந்திருக்கும். உள்ளே நல்ல குளிர், ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: துலூசில் வசிக்கும், ரியூனியனின் லெ போர் ஊர்க்காரன்

தங்கச்சி, துலூசை அடைந்ததும் 'கனால் த்யு மிதி' (Canal du Midi) என்ற அடுத்த கால்வாயிலும் தொடரலாமே என்று ஆசை வரும். போர் லொராகே வரை, அதாவது ஐம்பது கிலோமீட்டர் போல, தார்ப் பாதை, தாராளமாகப் போங்கள். அதற்கு அப்பால் கார்கஸோன் பக்கம் மண்ணும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதை பல இடங்களில் வரும். 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் அங்கே ஆயிரக்கணக்கான பிளாத்தான் மரங்களை வெட்டிவிட்டார்கள். ஜூலை வெயிலில் நிழலில்லாத கரையில் பிள்ளையை ஓட்டச் சொல்வது சரியல்ல.

மறுமொழி: சேந்த் ஆந்த்ரே வாசகி

எல்லோருக்கும் நன்றி. கரோன் கால்வாய் என்று முடிவு செய்துவிட்டோம். அக்கா, சாப்பாடு?

பதில்: காரைக்கால் அக்கா, சேன் பியேர்

கிராமத்து உணவகங்களில் சைவம் என்றால் சாலட்டும் முட்டையும்தான் பெரும்பாலும் கிடைக்கும். முட்டையும் சேர்க்காவிட்டால் நீங்களே சமைப்பது நல்லது. சிலாவோஸ் பருப்பு ஒரு பை, மஞ்சள், சீரகம், சிறிய பாத்திரம் போதும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே வாங்கு. நகராட்சி முகாம்களில் கூடாரம் போட்டால் செலவும் குறையும், அடுப்பு பற்றவைக்க இடமும் கிடைக்கும். தக்காளி, பீச், பிளம்ஸ் அந்த வட்டாரத்தில் கொட்டிக் கிடக்கும் காலம் அது.

கடைகளை மதியம் அடைத்துவிடுவார்கள். ரொட்டிக்கடை பல ஊர்களில் திங்கட்கிழமை திறக்காது, ஞாயிறு காலையிலேயே வாங்கி வை. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். தங்குமிடம் தேடும்போது 'அக்கேய் வேலோ' முத்திரை உள்ளதைக் கேள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், மிதிவண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் தருவார்கள்.

வாடகைக் கடையோடு பேசிய பிறகு இருக்கையின் உயரத்தை இங்கே எழுது, பார்த்துச் சொல்கிறேன்.