காலேஜ் பொண்ணுங்க சாக்கர் கோச்: நேர்ல பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

கேரி ராசு:
நாங்க நார்த் கரோலினால கேரில இருக்கோம், வேக்மெட் சாக்கர் பார்க் நமக்குப் பக்கத்துலதான். 2024 டிசம்பர் 9 திங்கக்கிழம ராத்திரி, பொண்ணுக்கு மறுநாள் டெஸ்ட் இருந்தும் என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு) கப் ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன், அதுக்கு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. யூஎன்சி, அதாவது நார்த் கரோலினா யுனிவர்சிட்டி, வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டிய 1-0ல ஜெயிச்சுது. கோச் டேமன் நஹாஸ், அப்ப அவர் தற்காலிக கோச் மட்டும்தான். சீசன் தொடங்க சில நாளே இருக்கும்போது ஆகஸ்ட்ல ஆன்சன் டோரன்ஸ் ரிட்டயர் ஆயிட்டார்ல, அதனால.

1979ல யூஎன்சி பொண்ணுங்க டீம் ஆரம்பிச்சதுலருந்து டோரன்ஸ்தான் கோச். என்சிஏஏ கப் மட்டும் 21, அதுல 1986லருந்து 1994 வரைக்கும் தொடர்ந்து ஒன்பது வருஷம். நடுவுல 1991ல சைனால நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பைய அமெரிக்காவுக்கு ஜெயிச்சுக் குடுத்ததும் அவர்தான். மனுஷன் பொறந்தது நம்ம பம்பாய்ல! அவர் கோச்சா இருக்கும்போதே யூஎன்சி கிரவுண்டுக்கு அவர் பேர வச்சுட்டாங்க.

அவர் ப்ராக்டிஸ்ல எல்லாத்துக்கும் மார்க் உண்டு. ஒன்னுக்கு ஒன்னு மோதுறது, ஓட்டம், ஷூட்டிங், எல்லாத்தயும் எழுதி வரிசைப்படுத்தி ஒட்டிடுவாங்க. நம்மூரு கோச்சிங் சென்டர் ரேங்க் லிஸ்ட்டேதான். என் பொண்ணோட க்ளப்ல ஒருத்தர் இதக் காப்பி அடிச்சார், ரெண்டாவது வாரமே கடைசி ரேங்க் வாங்கின புள்ள கார்ல உக்காந்து ஷூவக் கழட்டாமயே அழுதுச்சு. அந்த லிஸ்ட்ட அப்பறம் யாரும் பாக்கல. பத்தொம்பது வயசுப் புள்ளைங்க தாங்கும், பன்னெண்டு வயசு தாங்காது, அவ்ளோதான்.

டல்லாஸ் அக்கா:
ராசு தம்பி, டோரன்ஸ் மேல 1998ல ரெண்டு பழைய ப்ளேயர்ஸ் கேஸ் போட்டதையும் சேத்து எழுதுங்க. பொண்ணுங்க சொந்த வாழ்க்கயப் பத்தி அவர் பேசின விதம் தப்புன்னு போட்டாங்க, பத்து வருஷம் இழுத்து 2008ல செட்டில்மெண்ட்ல முடிஞ்சுது, மன்னிப்புக் கடிதமும் குடுத்தார். கப்ப மட்டும் எண்ணினா பாதிக் கததான் கெடைக்கும்.

என் அனுபவம் வேற மாதிரி. பெரியவ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஷோகேஸ் டோர்னமெண்ட் போனோம், காலேஜ் கோச்சுங்க ஆள் தேடி வர்ற டோர்னமெண்ட் அது. மடக்கு சேர் போட்டு, தொப்பி, காலேஜ் லோகோ போட்ட டீஷர்ட், கைல நோட்டு, இப்படி ஒரு வரிசையே கோச்சுங்க. ஒரு அம்மா கோச் என் பொண்ணு ஆடுறத ரொம்ப நேரம் பாத்தாங்க. மேட்ச் முடிஞ்சதும் இவ ஓடிப்போய் ஹாய் சொன்னா, அவங்க பேருக்கு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு சேர மடக்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்னா திமிருன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, பத்தாவது முடிச்ச வருஷம் ஜூன் 15க்கு முன்னாடி டிவிஷன் ஒன் (காலேஜ் விளையாட்டுல மேல்மட்டம்) கோச்சுங்க புள்ளகூட ரெக்ரூட்டிங், அதாவது டீம்ல சேக்குறது பத்திப் பேசக்கூடாதாம், ரூல். வருஷத்துல பாதி நாள் இப்படி யாரோ வீட்டுப் புள்ளைங்கள வெயில்ல உக்காந்து பாத்துட்டு, வாயத் தொறக்காமப் போற வேல அது. பாவம்.

ஒஹாயோ பையன்:
அக்கா சொல்றது கரெக்ட், ஆனா என்சிஏஏலயே கடைசி மட்டமான டிவிஷன் த்ரீ பக்கம் வந்து பாருங்க, அது வேற உலகம். அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கெடையாது, அப்ப கோச்சுக்கு மட்டும் எங்கருந்து வசதி வரும். நான் படிச்ச சின்ன காலேஜ்ல பொண்ணுங்க சாக்கருக்கு கடிகாரம் ஓட்டுறது என் கேம்பஸ் ஜாப். காலேஜ் சாக்கர்ல டைம் 45லருந்து கீழ எறங்கும், கோல் விழுந்தா நிறுத்தணும். நம்ம டிவில பாத்த ஃபுட்பால்ல நேரம் மேல ஏறிக்கிட்டேல்ல இருக்கும், எனக்கு அது எங்க தெரியும். மொத மேட்ச்ல கோல் விழுந்ததும் நானும் எழுந்து கைதட்டிக்கிட்டு இருக்கேன், க்ளாக் பாட்டுக்கு ஓடுது, ரெஃபரி விசில் மேல விசில் அடிக்கிறார். செத்தேன்னு நெனச்சேன். மேட்ச் முடிஞ்சு கோச் வந்தாங்க, கைல நாலு மூலைக் கொடியும் சுருட்டி வச்சிருந்தாங்க, அதயும் அவங்களேதான் புடுங்கணும். திட்டல, ப்ளேயர்ஸ்க்கு வாங்கின ஆரஞ்சுல ஒன்னு குடுத்து நாளைக்கு அரமணி முன்னாடி வான்னாங்க. மறுநாள் ப்ராக்டிஸ்ல பட்டன் பட்டனா சொல்லிக் குடுத்தாங்க.

வேன் ஓட்டுறது, ஜெர்சி தொவைக்கிறது, எதிர் டீம் வீடியோ வெட்டுறது, எல்லாம் அந்த ஒரே ஆள். ரெண்டு சீசன் கழிச்சு பெரிய காலேஜ்ல அசிஸ்டன்ட் வேல கெடச்சுப் போயிட்டாங்க, தலைமைக் கோச்சா இருந்தவங்க அசிஸ்டன்டாப் போறாங்களேன்னு எனக்கு ஒரே கொழப்பம், சம்பளத்தக் கேட்டப்பறம் கொழப்பம் தீந்துது. போறப்ப வாஷிங் மெஷின் மேல ஒரு பேப்பர் ஒட்டிட்டுப் போனாங்க: வெள்ள ஜெர்சிக்கு சுடுதண்ணி, கலர் ஜெர்சிக்கு பச்சத்தண்ணி, சாக்ஸ உள்பக்கம் திருப்பிப் போடாதீங்க, ப்ளீஸ்.