பழைய 100 சிசி வண்டி: ஹெட்லைட் வெளிச்சத்தைக் கூட்ட என்ன வழி?

பூ வியாபாரி:
உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அதிகாலை மூன்று மணிக்கே பூ மூட்டையோடு மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி 2004 மாடல், கிக் ஸ்டார்ட் மட்டும். 35/35 வாட் பல்பு (பிரைட் 35, டிம் 35). வேகத்தடையில் மெதுவாகப் போனால் வெளிச்சம் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. எருமை குறுக்கே நின்றாலும் தெரியாது. ஒரு கடையில் எல்இடி பல்பு மாட்டிக் கொடுத்தார்கள். ஐடிலிங்கில் மினுக்குகிறது, எதிரே வருகிறவர்கள் டிம் செய்யச் சொல்லிக் கையாட்டுகிறார்கள். நான் போவதே டிம்மில்தான்! இதைக் கழற்றிவிட்டு 60/55 வாட் எச்4 பல்பு (பெரிய வண்டிகளில் வரும் ஹாலஜன் வகை) போடலாமா? ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

இரவுச் சாரதி:
தாராளமாகப் போடுங்கள். என் 350 சிசி வண்டியில் அதுதான் இருக்கிறது, பகல் மாதிரி எரிகிறது.

பழைய வண்டிப் பிரியர்:
அவசரம் வேண்டாம் அண்ணா. இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். எரிகிறதா?

பூ வியாபாரி:
இல்லை. ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டும் வேலை செய்கின்றன.

பழைய வண்டிப் பிரியர்:
அப்படியானால் உங்கள் ஹெட்லைட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டில் எரிகிறது. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வருகிறது, பேட்டரிக்குப் போவதே இல்லை. இன்ஜின் சுற்று குறைந்தால் வெளிச்சமும் குறையும். அது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். 350 சிசி நண்பருடைய விளக்கு பேட்டரியில் எரிகிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது. 35 வாட்டுக்குச் சுற்றிய காயிலில் 60 வாட் பல்பை மாட்டினால் வோல்டேஜ் படுத்துவிடும், மெதுவாகப் போகும்போது இப்போதைவிட மோசமாகத்தான் எரியும். சாதாரண ரிலே டிசியில், அதாவது பேட்டரி கரண்டில் இயங்குவது. ஏசி கொடுத்தால் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

எல்இடி கண் கூசுவதற்குக் காரணம் ரிஃப்ளெக்டர். ஹாலஜன் இழை இருக்கும் புள்ளியை வைத்து வடிவமைத்த கிண்ணம் அது. ஒளிரும் இடம் சிறிது மாறினாலும் ஒளி மேலே சிதறும்.

மின்வினைஞர்:
வயரிங்கைச் சோதித்தீர்களா? இருபது வருட வண்டியில் பாதி வெளிச்சத்தைத் துருவே தின்றுவிடும். ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பழைய ஹாலஜனை மாட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் வயரிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் தொடுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும்.

பூ வியாபாரி:
1.3 காட்டுகிறது!

மின்வினைஞர்:
கிடைத்துவிட்டது. பல்புக்குப் போக வேண்டிய 1.3 வோல்ட் எர்த் பாதையிலேயே வீணாகிறது. புதிய எர்த் வயர் ஒன்றை ஹோல்டரிலிருந்து இன்ஜின் போல்ட்டுக்கே நேராக இழுத்துவிடுங்கள். போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். ஹோல்டர் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். டிம் பிரைட் சுவிட்சைக் கழற்றி உள்ளே துடையுங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் முழு ஹெட்லைட் யூனிட்டையே மாற்றுவது நல்லது. துணியால் தேய்த்தால் மிச்சப் பூச்சும் உரிந்துவிடும்.

பூ வியாபாரி:
எர்த், ஹோல்டர், யூனிட் மூன்றும் மாற்றினேன். ஓட்டத்தில் நல்ல வித்தியாசம். ஐடிலிங்கில் மட்டும் இன்னும் மங்குகிறது.

பழைய வண்டிப் பிரியர்:
அதற்கு வழி, காயிலின் எர்த் முனையைப் பிரித்து, ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் கருவி) போட்டு, காயிலின் கரண்ட் எல்லாவற்றையும் பேட்டரிக்குக் கொண்டுபோய், ஹெட்லைட்டை அதிலிருந்து எரியவிடுவது. காயில் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். கிக் ஸ்டார்ட் வண்டியின் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரி அதற்குச் சிறியது, 5 வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடும் பழக்கம் வேண்டாம்.

இன்னொன்று: பின்னால் மூட்டை ஏற்றினால் ஹெட்லைட் மேலே தூக்கும். மூட்டையோடு நீங்களும் உட்கார்ந்து, 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் டிம் அடியுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டராவது கீழே விழுமாறு யூனிட்டைச் சாய்த்து முறுக்குங்கள்.

பூ வியாபாரி:
இன்று மாலையே சுவரில் பார்த்துவிடுகிறேன். காயில் வேலை முகூர்த்த சீசன் முடிந்தபிறகுதான். வண்டியை ஒரு நாள்கூடக் கடையில் விட முடியாது.