காய வைக்கும்போதுதான் கண்டம்

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதுசு. பாலிமர்ல ஃபோட்டானிக் கிரிஸ்டல் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை உள்ளே விடாம திருப்பி அனுப்புற நுண் அடுக்கு) செய்யணும்னாங்க, வடிவம் வுட்பைல். விறகு அடுக்குற கணக்குதான்: ஒரு வரிசை குறுக்கே, அடுத்தது நெடுக்கே, மூணாவது முதல் வரிசைக் கட்டைகளோட இடைவெளிக்கு நேரா உட்காரணும். கட்டைக்குக் கட்டை 1 மைக்ரோமீட்டர், மொத்தம் 24 வரிசை.

பிசினுக்குள்ள இதை எழுதுறது 780 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் லேசர், அதாவது ரொம்பக் குட்டித் துடிப்புகளா ஒளி விடுற லேசர். பிசின் அந்த ஒளியைச் சும்மா உறிஞ்சாது. குவியுற புள்ளியில மட்டும் ரெண்டு ஃபோட்டானைச் சேர்த்து விழுங்கி இறுகும். பவரைக் கொஞ்சம் ஏத்தினா, கேமரா திரையில சோடா திறந்த மாதிரி குமிழ். இறக்கினா கட்டையே நிக்கல. ரெண்டுக்கும் நடுவுல இடம் பிடிக்க மூணு வாரம் போச்சு.

எழுதினது நல்லாத்தான் வந்துச்சு. இறுகாத பிசினைக் கரைக்குற டெவலப்பர்ல 20 நிமிஷம், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல ஒரு அலசு, அப்படியே காத்தாட வெச்சேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தா மழையில சாஞ்ச நெல்லு வயல்! ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை கட்டைகளை இழுத்து ஒட்ட வெச்சிருக்கு. தப்பிச்சதும் நேரா இல்ல. அடிப்பக்கம் கண்ணாடியை விடாம பிடிச்சிருக்க, மேல்பக்கம் சுருங்கி, கோபுரமாட்டம் குறுகிக் கிடந்துச்சு.

அடுத்த தடவை சுத்தி கனமா ஒரு சுவர் எழுதி, கார்பன் டை ஆக்சைடு போடுற கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர்ல (பரப்பு இழுவிசை இழுக்காம காய வைக்கிற கருவி) காய வெச்சேன். நின்னுச்சு. கண்ணாடியை விளக்கடியில சாய்ச்சா, கடுகைவிடச் சின்னப் புள்ளி சிவப்பு, பச்சைன்னு மாறி மின்னுது. கிரிஸ்டல் வேலை செய்யுதுன்னு ஆய்வகத்தையே கூப்பிட்டுக் காட்டினேன்.

பதில்: தம்பி, அந்த மினுக்கத்துல நானும் ஏமாந்தவன்தான். அது மேல்வரிசையோட விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்), நெருக்கமான கோடுகள்ல பட்டு ஒளி நிறம் நிறமாப் பிரியுறது; 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில தடம் இருக்குற சிடி கூட அதைக் காட்டும். உங்க அளவுக்கு ஸ்டாப் பேண்ட், அதாவது கிரிஸ்டல் அடைக்குற அலைநீளப் பட்டை, அகச்சிவப்புலதான் வரும், கண்ணுக்குத் தெரியாது. எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு நிறமாலைமானி) பாருங்க. அறிக்கையில "முழு பேண்ட் கேப்"னு எழுதிடாதீங்க. பாலிமரோட ஒளிவிலகல் எண் சுமார் 1.5, எல்லாத் திசையிலயும் ஒளியை அடைக்க அது பத்தாது. அதனாலதான் இதை அச்சா வெச்சு சிலிக்கான்ல வார்க்கிறாங்க.

பதில்: அண்ணா, எடுத்துப் பார்த்துட்டேன். வரைபடத்துல மேடு இருக்கு, ஆனா கணக்குப் போட்டதைவிடக் குறைஞ்ச அலைநீளத்துல, அகலமா பரந்து. அடியில ஒரு இடைவெளி, மேல ஒரு இடைவெளின்னா வேற எப்படி வரும்! அடுத்த தடவை சுருங்குறதையும் சேர்த்து டிசைனையே பெருசாப் போடப் போறேன்.