எருக்கஞ்செடியில் ஒரு முட்டை: சின்னப் பிள்ளைகளும் சுற்றுச்சூழலும், எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல் என்று தனிப் புத்தகமே இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் போனதும் அது அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்துவிடும். பாடம் நடத்துவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். அந்த ஒரே குரல்தான் எனக்குப் பின்னால் உறுத்த ஆரம்பித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தினோம். பதாகை செய்ய நல்ல அட்டை கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த தெர்மாகோலை வெட்டி, 'நெகிழியை ஒழிப்போம்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். கண்மாய்க்கரைக்கு வந்தபோது ஆனி மாதக் காற்று வேகமாக அடித்தது. இரண்டு பதாகைகள் நடுவில் உடைந்து, வெள்ளை வெள்ளையாக மணிகள் பறந்து தண்ணீர் வரைக்கும் போய்விட்டன. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கோஷத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "டீச்சர், இது மக்குமா, மக்காதா?"

ஊர்வலத்தை அங்கேயே நிறுத்திப் பொறுக்க ஆரம்பித்தோம். பொறுக்கப் பொறுக்க அவை இன்னும் சின்னதாக உடைந்தன. அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடிகூடச் சேரவில்லை. அன்று பிள்ளைகள் கற்றுக்கொண்டது நான் எழுதிக் கொடுத்த வாசகத்தை அல்ல, அந்த மணிகளைக் கையில் பிடிக்க முடியாததை. அதற்குப் பிறகு நான் ஊர்வலம் நடத்தவில்லை.

ஓவியப் போட்டியிலும் இதே கதைதான். 'பூமியைக் காப்போம்' என்று தலைப்புக் கொடுத்தால் பனிக்கட்டி மேல் நிற்கும் கரடியை வரைகிறார்கள். நன்றாகவும் வரைகிறார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஏழெட்டுப் பேராகக் கூடிக் கத்திக்கொண்டிருக்கும் தவிட்டுக்குருவிக்கு ஒரு பிள்ளைக்கும் பெயர் தெரியவில்லை. பார்த்தே இராத கரடிக்காக ஏழு வயதுப் பிள்ளை கவலைப்படுவது சரியான தொடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. கவலை அப்புறம் வரட்டும், முதலில் பழக்கம் வர வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பள்ளிச் சுவரை ஒட்டி எருக்கஞ்செடிகள் நிறைய உண்டு. விநாயகர் சதுர்த்திக்கு அந்தப் பூவில்தான் மாலை கட்டுவார்கள், அதனால் பிள்ளைகளுக்குச் செடி தெரியும். ஒருநாள் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினேன். அடியில் ரவைக்குருணை அளவில் வெள்ளையாக ஒரே ஒரு முட்டை. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி இடுவது. எங்கள் ஊரில் வெந்தய நிறத்தில் மெதுவாகப் பறந்துகொண்டே இருக்குமே, அதுதான்.

இலையை ஒரு டப்பாவில் வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டினோம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் இலை பறிப்பது, மாற்றுவது எல்லாம் நான் மட்டும். பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது. நாலாம் நாள் காலையில் முட்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புழு தன் முட்டை ஓட்டையே தின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்னால் டப்பாவைச் சுற்றித்தான் முதல் கூட்டம்.

கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகள். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். தலை எது, வால் எது என்பதில் இரண்டு நாள் சண்டை நடந்தது. எந்தப் பக்கம் இலை குறைகிறதோ அதுதான் தலை என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். புழு நாலு தடவை தோலுரித்தது. இரண்டு வாரத்துக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் அளவுகோலை டப்பாவுக்கு வெளியே வைத்து அளந்து எழுதினார்கள். மில்லிமீட்டர் பாடம் அப்படித்தான் நடந்தது. காக்கா கொத்தாதா என்று கேட்டார்கள். எருக்கிலையின் நஞ்சு புழுவின் உடம்பிலேயே தங்கிவிடும், ஒருதடவை கடித்துக் குமட்டின பறவை மறுதடவை தொடாது என்று சொன்னேன். "அப்ப பால் குடிச்சு விஷமாகுதா?" என்று வாயைப் பிளந்தார்கள்.

பிறகு அது துணியில் தலைகீழாகத் தொங்கி, தூண்டில் முள் மாதிரி வளைந்தது. மறுநாள் வெளிர்பச்சைக் கூடு. மேலே தங்கப் பொட்டுகள். நிஜத் தங்கமா என்று கேட்காத பிள்ளை இல்லை.

அந்த முதல் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. நாலைந்து நாளில் கூடு அழுக்குப் பழுப்பாக மாறியது. மதிய உணவு நேரத்தில் அதிலிருந்து வழவழவென்று ஒரு நூல் இறங்கியது. நூலின் நுனியில் வெள்ளைப் புழு. ஒன்றல்ல, மூன்று. கீழே விழுந்து மறுநாளே பழுப்பு மாத்திரை மாதிரி சுருண்டுகொண்டன. இது ஒருவகை ஈயின் வேலை. நான் இலை பறித்து வந்தபோது ஈயின் முட்டை எப்படியோ கூடவே வந்திருக்கிறது. புழுவுக்குள்ளேயே வளர்ந்து, அதையே தின்று வெளியே வந்துவிட்டது.

இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒருவன் அந்த மாத்திரைகளை நசுக்கிவிடலாம் என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, உண்மையாகவே பேசாமல் நின்றேன். தலை எது என்று கண்டுபிடித்த அதே பெண்தான், "ஈக்கும் புள்ள வேணும்ல டீச்சர்" என்றாள். அப்புறம் நசுக்குவதா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம். கடைசியில் மாத்திரைகளையும் இன்னொரு டப்பாவில் போட்டு வளர்த்தோம். ஈ வந்தது. திறந்து விட்டோம். உணவுச் சங்கிலி என்று அம்புக்குறி போட்டுப் பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது அவ்வளவு வலிக்கும் விஷயம் என்று எனக்கே அன்றுதான் உறைத்தது.

அடுத்த மூன்று முட்டைகளில் இரண்டு பட்டாம்பூச்சியாகின. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் பள்ளியைச் சுற்றிச் சுத்தம் செய்ய நூறுநாள் வேலை ஆட்கள் வந்தார்கள். எருக்கு முழுவதையும் வெட்டுவது வழக்கம். வேலைக்கு வந்தவர்களில் ஒரு பையனின் அப்பத்தாவும் இருந்தார். இடைவேளையில் அவன் ஓடிப்போய், "அப்பத்தா, அத வெட்டாத, அதுல முட்ட இருக்கு" என்று மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டான். கோழி முட்டை என்று நினைத்து அவர் புதருக்குள் குனிந்து தேடினார். அவன் இலையைச் சுட்டிக் காட்டினான். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சுவரோரம் நாலு செடிகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

திருப்பத்தூர்ப் பக்கத்து வாசகர், சிவகங்கை மாவட்டம்

கொள்ளுக்குடிப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். என் மாமா வீடு அங்கே. அந்த ஊரை ஒட்டிய வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது, ஆனால் தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் அந்த ஊரோடு ஊறியது. சின்ன வயதில் தீபாவளிக்கு அங்கே போனால் எனக்கு அழுகையாக வரும். என் வயதுப் பையன்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்டா" என்று எனக்குச் சமாதானம் சொல்வார்கள். நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தை பொறுக்கும், எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் பயிருக்கு நல்லது என்று மாமா சொல்வார். வகுப்பில் யாரும் இதை அவர்களுக்கு நடத்தியதில்லை. பெரியவர்கள் வெடிக்கவில்லை, அதனால் பிள்ளைகளும் வெடிக்கவில்லை. வனத்துறை தீபாவளிக்கு அந்த ஊருக்கு இனிப்பு கொடுக்கிறது. மாமா பெண்ணின் மகன் இப்போது நாலாம் வகுப்பு. எந்த மரத்தில் எந்தப் பறவையின் கூடு என்று விரல் நீட்டிச் சொல்கிறான்.

ஓர் அம்மா, சென்னை

நான் ஆசிரியை இல்லை. என் எட்டு வயது மகனோடு நடந்ததைச் சொல்கிறேன்.

தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரைக்கு வந்து முட்டையிடும். 1988-லிருந்து இங்கே மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மகனுக்குக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

2025 ஜனவரியில் அவனைக் கூட்டிக்கொண்டு காலையில் கடற்கரைக்குப் போனபோது நாங்கள் பார்த்தது செத்து ஒதுங்கிய பெரிய ஆமைகளை. அந்த மாதம் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கண்களும் கழுத்தும் வீங்கியிருந்தன. கையைப் பிடித்துத் திரும்பி நடக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவன் கேட்டுவிட்டான்: "அம்மா, ஆமைக்கு நீச்சல் தெரியாதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் மண்ணில் உட்கார வேண்டியிருந்தது. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுவிட அது மேலே வந்தாக வேண்டும், இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது என்று சொன்னேன். யாருடைய வலை என்று கேட்டான். நமக்கு மீன் பிடித்துத் தருகிறவர்களுடையது என்றேன். ஆமை வெளியேற வழி வைத்த வலையும் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவன் யாரையும் திட்டவில்லை. அந்த வழி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக் கேட்டான்.

வீட்டுக்கு வந்து ஓர் ஆமை வரைந்தான். ஓட்டுக்குள் இரண்டு பலூன் மாதிரி நுரையீரல். பள்ளிக்கு எடுத்துப் போனபோது, இவ்வளவு சோகமான விஷயம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான். அவன் பயந்து வரையவில்லை, புரிந்துகொண்டதை வரைந்தான். மார்ச்சில் குஞ்சுகள் இறங்கியதையும் பார்த்தோம். வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி அவை போகும் என்று சொல்லிக் கைபேசி வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார்கள். அவன் சுற்றி நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "அங்கிள், லைட்ட அணைங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராமநாதபுரம் மாவட்டம்

1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சொன்னது. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பின் வருடா வருடம் மரக்கன்று நட்டோம். வெயில் காலம் வரும், பள்ளிக்கு விடுமுறை விடுவோம், கன்று காயும். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று. இதைப் பல வருடம் செய்தேன் என்பதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பிறகு கன்று வாங்குவதை விட்டு விதைக்கு வந்தோம். வேப்பங்கொட்டை விழுந்த சூட்டோடு போட வேண்டும், வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். இதைப் பிள்ளைகளே இரண்டு கூட்டமாகப் பிரிந்து போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆவணியில் ஐம்பது பனங்கொட்டை புதைத்தோம். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியவில்லை. தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பாதி இடம் தோண்டிக் கிடக்கிறது. விசாரித்தால், பிள்ளைகள் கிழங்கைப் பிடுங்கி அவித்துத் தின்றிருக்கிறார்கள்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஒரு பையன் சொன்னான்: "சார், அது மேல வரல, கீழதான் போகுது. அதான் தண்ணி ஊத்தாட்டியும் சாகல." நான் வருடக்கணக்கில் சொல்லாத பாடம் அது. மிச்சமிருந்தவற்றில் பத்துப் பன்னிரண்டு குருத்து விட்டன. நான் ஓய்வு பெறும்போது என் இடுப்பு உயரம் நின்றன. அந்தப் பையன்களில் இரண்டு பேர் இன்னும் வரப்பில் கொட்டை போடுகிறார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

சென்னை அம்மாவுக்கு: அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பிரதி கிடைத்தால் சந்தோஷப்படுவேன், அவர்கள் கடலையே பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் ஐயா, இந்த ஆவணியில் நாங்களும் பனங்கொட்டை போடுகிறோம். தின்பதற்குப் பாதி, வளர்வதற்குப் பாதி என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளப் போகிறோம்.

புழு வளர்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: மழைக்குப் பிறகு துளிர்விட்ட எருக்கில் இளம் இலைகளின் அடிப்பக்கம் பாருங்கள். எருக்கு வேண்டாம் என்று பெற்றோர் பயந்தால் கறிவேப்பிலை போதும். அதில் கறிவேப்பிலை அழகியின் புழு கிடைக்கும், முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பின்னால் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கவட்டை மாதிரி ஒன்றை நீட்டும். டப்பாவில் ஈரம் தேங்கவிடாதீர்கள், தினமும் எச்சத்தைத் தட்டிவிடுங்கள். சனி, ஞாயிறு டப்பா யார் வீட்டுக்குப் போவது என்பதை வெள்ளிக்கிழமை காலையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுங்கள். சாயங்காலம் வரை தள்ளிப்போட்டால் மணி அடித்த பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.