வடசென்னை வெயிலில் ஜிஞ்சர் பீர்: வீட்டில் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை மொட்டைமாடி

நம்ம பக்கத்தில் வீட்டிலேயே ஜிஞ்சர் பீர் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் பேசலாமே என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். பெயரில் பீர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காஸ் விடும். கடையில் விற்கும் ஜிஞ்சர் சோடாவில் சிலிண்டர் காஸ், இதில் தானாக ஊறிய காஸ். குடித்துப் பார்த்தால் வித்தியாசம் மூக்கில் தெரியும்.

நான் செய்வது இப்படி. ஒரு பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. வாயில் துணி கட்டி வைத்து, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்க வேண்டும். நுரைத்துப் பொங்கி, காதை வைத்தால் சிலுசிலுவென்று கேட்கும்போது ஸ்டார்ட்டர் தயார். அப்புறம் 150 கிராம் இஞ்சியைத் தட்டி, 200 கிராம் சர்க்கரையோடு கொதிக்க வைத்து, நன்றாக ஆறியதும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, மொத்தம் இரண்டு லிட்டர் வரும்படி தண்ணீர் சேர்த்து, ஸ்டார்ட்டரில் அரை டம்ளர் வடிகட்டி ஊற்றிப் பாட்டிலில் அடைக்கிறேன். ஆறாமல் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், செய்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள். "வெதுவெதுப்பான இடத்தில் நாலைந்து நாள் வைக்கவும்" என்கிறார்கள். அவர்கள் வெதுவெதுப்பு 20 டிகிரி. எங்கள் சமையல்கட்டில் கத்திரி வெயில் காலத்தில் ராத்திரிகூட 30-க்குக் கீழே இறங்காது. அவர்களுக்கு நாலு நாளில் ஆகிற வேலை இங்கே ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கு மேல் வெளியே வைத்தால் பாட்டில் குண்டுதான்.

வீட்டுக்காரம்மா கதையைச் சொல்லாமல் விட முடியாது. கீழ்வீட்டில் இருக்கிறார். இஞ்சி கொதிக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டார்ட்டர் பொங்கிய அன்று படியேறி வந்துவிட்டார். "இன்னாப்பா, மாடில இன்னா காய்ச்சுற? வாசனை ஒரு மாதிரி வருது. போலீஸு கீலீஸு வந்தா நான் பதில் சொல்லணும்." பாட்டிலைக் காட்டினேன், நம்பவில்லை. ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சுக்குக் கஷாயத்துல காத்து வுட்ட மாதிரி கீது" என்று டம்ளரை வைத்தார். முழுசும் காலி. இப்போது வயிறு உப்புசம் என்றால் பேரனை மாடிக்கு அனுப்புகிறார்.

காசிமேடு அக்கா

நல்ல விஷயம் ஆரம்பித்தீர்கள். என் பங்குக்கு இஞ்சியையும் தண்ணீரையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டார்ட்டர் பொங்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

மார்க்கெட்டில் பளபளவென்று மஞ்சளாக, கழுவித் துடைத்து வைத்த இஞ்சியை வாங்காதீர்கள். அழகாகத்தான் இருக்கும். தோலை அவ்வளவு தேய்த்த பிறகு அதில் ஈஸ்ட் எங்கே மிச்சம் இருக்கும்? மண் ஒட்டிய, நகத்தால் கீறினால் சாறு கசிகிற இஞ்சி வேண்டும். என்னிடம் காய் விற்கும் ஆயா என்னைப் பார்த்ததும் "உனுக்கு அழுக்கு இஞ்சிதான" என்று கோணிக்கு அடியில் இருந்து எடுத்துத் தருவார். மண்ணை மட்டும் தண்ணீரில் அலசிவிட்டுத் தோலோடு துருவ வேண்டியதுதான். இளம் இஞ்சியில் தண்ணீர்தான் அதிகம், காரம் இருக்காது. நார் விழுந்த முற்றல் இஞ்சியே இதற்குச் சரி.

சுக்கு போடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். இஞ்சி காயும்போது அதில் இருக்கும் 'ஜிஞ்சரால்' என்ற காரப்பொருள் 'ஷோகால்' என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது, காரம் ஏறுகிறது. அதனால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட்டால் தொண்டையில் நின்று பேசும். ஆனால் சுக்கை நம்பி ஸ்டார்ட்டர் போட முடியாது.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர்தான். குடத்தைத் திறந்தாலே குளோரின் வாடை அடிக்கிற நாட்கள் உண்டு. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் ஈஸ்ட்டை மட்டும் விட்டுவைக்குமா? கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். கேன் தண்ணீரும் ஆகும்.

எறும்பைச் சொல்ல மறந்தேன். ஸ்டார்ட்டர் ஜாடியைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். துணியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பழ ஈக்கள் ஊசிமுனை வழி கிடைத்தாலும் உள்ளே போய்விடும்.

பெரம்பூர் லோகோ

எனக்கு இதைக் காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியர். அவருடைய அப்பா நீராவி எஞ்சின் காலத்து டிரைவர். பெரம்பூரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இப்படி ரயில்வே குடும்பங்கள் இருந்தன. பிறகு பாதிப் பேர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கல்கல், ரோஸ் குக்கி, கேக் எல்லாம் வரும். கூடவே சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஜிஞ்சர் ஒயின். பலரும் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆன்ட்டி வீட்டு ஜிஞ்சர் ஒயின் இஞ்சி, காய்ந்த மிளகாய், கருக்கிய சர்க்கரை எல்லாம் போட்டுக் காய்ச்சிய பாகு. அதில் காஸ் கிடையாது, மாதக்கணக்கில் கெடாது. ஜிஞ்சர் பீர் அவர் கோடையில்தான் போடுவார்.

அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் எந்தச் செய்முறையையும் விட எனக்கு உதவுகிறது. பாட்டிலை மூடும் முன் நாலைந்து உலர்ந்த திராட்சையைப் போடுவார். முதலில் அடியில் கிடக்கும். காஸ் ஊற ஊற ஒவ்வொன்றின் சுருக்கத்திலும் சின்னச் சின்ன முத்துக்கள் ஒட்டும். பிறகு ஒன்று மெதுவாக எழும்பும், மேலே போய் முத்து உடைந்து திரும்ப விழும், மறுபடி எழும்பும். எல்லாத் திராட்சையும் மேலே போய் நின்றுவிட்டால் பாட்டில் அந்த நிமிஷமே ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். நாளும் மணியும் எண்ண வேண்டாம், மே மாதமோ டிசம்பரோ திராட்சை சொல்லிவிடும்.

அவர் அம்மா காலத்தில் இஞ்சித் துருவலில் ஆரம்பிக்க மாட்டார்களாம். ஜவ்வரிசி மாதிரி வெளிறிய, வழவழப்பான உருண்டைகள் ஒரு ஜாடியில் இருக்கும், அதற்கு 'ஜிஞ்சர் பீர் பிளான்ட்' என்று பெயர். அது பெருகப் பெருகப் பாதியை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் 1892-ல் இதை ஆராய்ந்து, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடித்தனம் இது என்று எழுதினார். 1880 வாக்கில் இலங்கைக்குப் போய், காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவரும் இவரே. ஆன்ட்டி வீட்டு ஜாடி எப்போதோ செத்துப்போய்விட்டது. இப்போது யாரிடமாவது உண்மையான உருண்டை இருந்தால் சொல்லுங்கள், பெரம்பூரிலிருந்து எங்கே வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பழைய வண்ணை

திராட்சை நல்ல யோசனை. நான் சோடா போடும் பெரியவரிடம் பாடம் கேட்டவன்.

எங்கள் தெருமுனையில் ஒரு தகரக் கொட்டகையில் கோலி சோடா போட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கவிழ்த்து மெஷினில் மாட்டுவார், சிலிண்டரிலிருந்து காஸ் ஏறும், கோலி கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் போய் உட்கார்ந்துவிடும். வேறு மூடியே வேண்டாம், உள்ளே இருக்கும் காஸ்தான் கோலியைப் பிடித்து வைக்கிறது. ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870-களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது. அவர் ஊரில் அது பழம்பொருள் ஆகிவிட்டது, நம்மூரில் இன்றைக்கும் வண்டியில் போகிறது.

நான் அவரிடம் போனது பழைய கோலி பாட்டில் நாலு கிடைக்குமா என்று கேட்க. ஜிஞ்சர் பீரை அதில் அடைத்தால் பார்க்க ஜோராக இருக்கும் என்று ஆசை. என்ன ஊற்றப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நான் எவ்ளோ காஸ் வுடணும்னு நான் முடிவு பண்றேன். உன் பாட்டில்ல அது முடிவு பண்ணும். என்கிட்ட வால்வு கீது. உன்கிட்ட இன்னா கீது?"

பதில் இல்லை. கொட்டகை மூலையில் கிடந்த ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார், பிளாஸ்டிக். "இதுல ஊத்து. கட்டை விரலால அழுத்திப் பாரு. அமுங்குனா இருக்கட்டும். கல்லு மாதிரி ஆயிடுச்சின்னா ஃபிரிட்ஜ்ல வையி. கண்ணாடி வேணாம் நைனா." பாட்டில் தரவும் இல்லை.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. சோடா அளவுக்குக் காஸ் வர லிட்டருக்கு 15 கிராம் சர்க்கரை நொதித்தால் போதும். நாம் போடுவது 100 கிராம். மிச்சம் 85 கிராம் இனிப்புக்காக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், ஈஸ்ட் அப்படி நினைக்காது. விட்டால் அதையும் தின்று காஸாக்கிக்கொண்டே போகும். ஜாம் பாட்டில், சதுரப் பாட்டில், மெல்லிய ஜூஸ் பாட்டில் எதுவும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. கண்ணாடியில்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் கூடவே நிரப்பிப் பக்கத்தில் வைத்து அதை அழுத்திப் பாருங்கள். அப்போதும் கண்ணாடிப் பாட்டில்களை மூடியுள்ள பக்கெட்டுக்குள் வையுங்கள்.

வியாசர்பாடி மூணாவது மாடி

ஃபிரிட்ஜில் வைத்தால் கவலை இல்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் ஃபிரிட்ஜில் ஆறு பாட்டில் இருந்தது. கரண்ட் போனது, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மறுநாளும் கரண்ட் வருகிற வழி இல்லை. என் நாத்தனார் பாலையும் மாவையும் பார்த்துக் கவலைப்பட, எனக்கு நினைப்பெல்லாம் பாட்டில் மேலேதான். குளிரில் ஈஸ்ட் சாகாது, சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் அறைச் சூட்டுக்கு வந்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு மூடியாக லேசாகத் திருகி, 'புஸ்' என்று காற்றை விட்டு, நுரை மேலே வரும்போது மறுபடி இறுக்கி, இப்படியே காலை மாலை செய்துகொண்டிருந்தேன். சட்டென்று முழுசாகத் திறந்தால் பாதி பாட்டில் கூரையில் இருக்கும். கடைசியில் எதற்கு இந்தப் பாடு என்று மாடியில் இருந்த நாலு வீட்டுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். இனிப்பு குறைந்து புளிப்பும் காரமும் ஏறியிருந்தது. எனக்கென்னவோ அதுதான் இதுவரை போட்டதிலேயே நல்ல ருசி.

புயல் எச்சரிக்கை வந்தால் மொபைலுக்குச் சார்ஜ் போடுவதோடு இதையும் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டுப் பார்த்தேன். வேகமாகப் பொங்குகிறது, நிறம் டிகாக்ஷன் மாதிரி. கருப்பட்டியைக் கரைத்துத் தெளிய வைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுகிறவர்கள் நாம். அந்தப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியை எடுத்து வந்து வேலை மெனக்கெட்டுப் புளிக்க வைக்கிறோம், தாத்தா பார்த்தால் சிரிப்பார்.

ஸ்டார்ட்டர் மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். பச்சையாக, கறுப்பாகப் பூஞ்சை பூத்தால் ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

திருவொற்றியூர் புதுசு

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு சந்தேகம். என் பையனுக்கு எட்டு வயது. அவனுக்குக் கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டை மொட்டைமாடி

நான் கொடுப்பதில்லை. காஸ் வருகிற அளவுக்கு ஆல்கஹாலும் வந்தே தீரும், இரண்டும் ஒரே சர்க்கரையில் இருந்து வருவது. நன்றாகக் காஸ் ஏறிய பாட்டிலில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் தின்று தீரும்வரை விட்டால் ஆறு சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விடும், அது நிஜமாகவே பீர்தான். 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே மதுபானம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமும் இங்கே அமலில் இருக்கிறது. அதனால் வீட்டளவில் கொஞ்சமாகப் போட்டு, சீக்கிரம் ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் குடித்துவிட வேண்டும். விற்கிற யோசனையே வேண்டாம். கர்ப்பிணிகள், சர்க்கரை நோய்க்காரர்கள் தள்ளியே இருக்கட்டும்.

பையனுக்கு இஞ்சி எலுமிச்சைப் பாகு காய்ச்சி வைத்துக்கொண்டு அதில் கடைச் சோடாவை ஊற்றிக் கொடுங்கள். வித்தியாசம் தெரியாது.

வியாசர்பாடி மூணாவது மாடி

தெரியும். என் பையன் ஒரே வாயில் கண்டுபிடித்து, "இது உன்னுது இல்ல, இது கடை சோடா" என்றான். அவன் எப்போது என்னுடையதைக் குடித்தான் என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.