கலரிங் புத்தகத் தாள்: கனம் முக்கியமா, மேற்பரப்பு முக்கியமா?

இலைநரம்பு:
பெரியவர்களுக்கான கலரிங் புத்தகத்தில் காடு, பறவை, பூ என்று படம் இருந்தால் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த தாளை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. ஒரு இறகுக்கே ஆறேழு அடுக்கு பென்சில் தேவைப்படும். 80 ஜிஎஸ்எம் தாள் அதற்குள் பள்ளம் விழுந்து, கோடெல்லாம் பின்பக்கம் புடைத்து நிற்கும். அந்தப் பக்கத்துப் படமும் பாழ்.

காகிதப்பூ:
பள்ளம் விழுவது பெரும்பாலும் கை அழுத்தத்தால். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது, அவ்வளவுதான். தாள் எப்படி நிறத்தைப் பிடிக்கும் என்று அது சொல்லாது. பென்சிலுக்கு வேண்டியது சொரசொரப்பு. 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் கனம்தான், ஆனால் மேலே பூச்சு இருப்பதால் கலர் பென்சிலின் மெழுகு வழுக்கும். இரண்டு அடுக்கிலேயே நிறம் ஏறாமல் நின்றுவிடும். பூச்சில்லாத 120 ஜிஎஸ்எம் அதைவிட நன்றாகத் தாங்கும். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளத்தால் பென்சிலுக்கு ஆகாது.

மைக்கூடு:
இரண்டு பேரும் பென்சிலோடு நின்றுவிட்டீர்கள். ஆல்கஹால் மார்க்கருக்கு 200 ஜிஎஸ்எம்கூடப் போதாது, பின்னால் ஊறத்தான் செய்யும். அதற்கு ஒரே வழி ஒருபக்க அச்சு. வாங்கும்போது முதலில் பின்பக்கம் வெறுமையா என்று பாருங்கள், கனத்தை அப்புறம் பார்க்கலாம். அடியில் கெட்டி அட்டை வைக்காவிட்டால் அடுத்த படமும் கறையாகும்.

இலைநரம்பு:
ஈரத்துக்குக் கனம் வேண்டாமா? வாட்டர்கலர் தாளை 300 ஜிஎஸ்எம்மில் செய்வதே தண்ணீர் பட்டால் அலையலையாக நெளியாமல் இருக்கத்தானே!

காகிதப்பூ:
நெளிவுக்குக் கனம் உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஊறுவதும் கசிவதும் வேறு கதை. அதைத் தீர்மானிப்பது சைசிங், அதாவது தாள் நீரை உடனே உறிஞ்சாதபடி சேர்க்கும் பசை. மை ஒற்றும் தாளை நினைத்துப் பாருங்கள்: தடிமனாக இருந்தும் ஒரு சொட்டு மையைக்கூட மேலே நிற்கவிடாது. சைசிங் குறைந்த தாளில் நீர் மார்க்கரை ஈரம் காயுமுன் மறுபடி தேய்த்தால் நார் கிளம்பித் திரிதிரியாக உருளும். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

மைக்கூடு:
அச்சிட்ட கோடுகளை மறந்துவிடாதீர்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்ட படத்தில் ஈரத் தூரிகை பட்டால் பல மைகள் கரைந்து, மஞ்சள் பூ சாம்பலாகிவிடும். லேசர் அச்சு தண்ணீருக்குக் கரையாது.

இலைநரம்பு:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். இலை நரம்பை வெளிர் நிறத்தில் விட, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முதலில் கோடு அழுத்திவிட்டு மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்போம். பள்ளத்தில் நிறம் இறங்காது, நரம்பு தானாகத் தெரியும். இதற்கு மெத்தென்று தடித்த தாள் வேண்டும். 80 ஜிஎஸ்எம்மில் கிழியும், இல்லையென்றால் பின்பக்கம் தெரியும்.

காகிதப்பூ:
அந்த உத்திக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மெல்லிய தாளில் நரம்பை வெறுமையாக விட்டு, சுற்றிலும் தீட்டுவதுதான் வழி. முனை கூர்மையாக இருக்கட்டும், அடியில் வழவழப்பான அட்டை இருக்கட்டும். முதலில் மஞ்சள், மேலே இலைப்பச்சை, நிழலுக்கு இண்டிகோ. கறுப்பு வேண்டாம், பச்சை செத்துப்போகும். நிழல் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் அடர்சிவப்பை மெல்லிசாக ஒரு அடுக்கு போட்டால் போதும்.

மைக்கூடு:
அந்த இண்டிகோ வெள்ளைத் தாளுக்குத்தான். தந்தநிறத் தாளில் நீலமெல்லாம் பச்சைப் பக்கம் சாயும், வானமும் தண்ணீரும் மங்கும். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சில், ஜெல் பேனா, மார்க்கர் மூன்றையும் ஒரு விரலகலம் தீட்டி, பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.